கழிக்கு எட்டாத பதினாலு

கேட்கிறதா மேடம்? இன்னும் கொஞ்சம் அழுத்தி வையுங்கள். தண்ணீருக்குள் இறக்கின குழாயின் மேல்நுனியைக் காதோடு சேர்த்துப் பிடித்து, மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டால் பொரியுமே, அந்தச் சத்தம். வந்துவிட்டதா? அதுதான். ஏதோ விரல்நீளத்து இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் என்று நேற்றுச் சொன்னீர்கள். இருக்கட்டும். எனக்கு எட்டு வருஷமாக அது கடுகுதான்.

தண்ணீர் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அமாவாசைக்கு மறுநாள், நன்றாக வற்றும். அதுவரை இந்தக் காவல் கூண்டுக்குள் உட்காருங்கள். அந்த ஜன்னலை மட்டும் திறக்க வேண்டாம், நிலக்கரிச் சாம்பல் வந்துவிடும். வேர்க்கிறதா? சரி, ஒரு விரற்கடை. போதும். போதும் மேடம்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள் இல்லையா. மின்நிலையத்துக்காரர்கள் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, இயந்திரத்தின் சூட்டை அதில் இறக்கி, இந்த வாய்க்கால் வழியாகத் திரும்பக் கடலுக்கு விடுகிறார்கள். போகிற தண்ணீர் எவ்வளவு சூடு என்று மணிக்கொரு தடவை கயிற்றில் வெப்பமானியை இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுகிறவன் நான். மாலை ஆறிலிருந்து காலை ஆறு. பத்தொன்பது வருஷம், கான்ட்ராக்டில். அதை யாராவது படிக்கிறார்களா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை வேண்டுமென்றே நூற்றுப் பத்து என்று எழுதிவைத்தேன். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. மறுநாள் நானே அடித்துத் திருத்தினேன். மனசு கேட்கவில்லை.

இந்தக் கரை நூற்று நாற்பது அடி. மேலும் கீழும் நடப்பேன். உட்கார்ந்தால் தூக்கம் வரும், நின்றால் யோசனை வரும், அதனால் நடை. பத்தொன்பது வருஷத்து நடையைக் கூட்டினால் வேளாங்கண்ணிக்கு நூறு தடவை போய்வந்திருக்கலாம். ஆனால் நான் கூண்டிலிருந்து பாலம் வரைக்கும்தான் போயிருக்கிறேன்.

இந்தப் பவளக்கல்லை நான் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை மேடம், கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் கயிறு அறுந்து வெப்பமானி உள்ளே விழுந்துவிட்டது. தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இந்த இரும்புக் குழாயை விட்டுத் துழாவினேன். அசதியில் குழாய் மேலேயே தலையைச் சாய்த்தேன். கடுகு பொரிந்தது. வீட்டில் பிரகாசி தாளிக்கிற சத்தம் இங்கே எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் பயந்தே போய்விட்டேன். பிரகாசி என் மனைவி. வற்றத்தில் இறங்கிப் பார்த்தால், படிக்கட்டுச் சுவர் நெடுக உருண்டை உருண்டையாக, மூளை மாதிரி வரி விழுந்த கல். பழுப்பும் பச்சையுமாக உயிரோடு.

எனக்குப் பவளக்கல் புதிது இல்லை. வாலிபத்தில் நானே தீவுப் பக்கம் வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் நெம்பி எடுத்திருக்கிறேன். சுண்ணாம்புக் காளவாய்க்கு. அப்போது தடை எல்லாம் இல்லை. கல் என்றுதான் நினைத்தோம். வள்ளத்தில் ஏற்றினால் கொழகொழவென்று வடியும், ஒரு வாடை அடிக்கும். அது சாகிற வாடை என்று யார் சொன்னது? பிறகு பழைய பேப்பர் கடையில் ஒரு புத்தகம், அட்டை கிழிந்தது, கல்லூரிப் பிள்ளைகளின் பாடப்புத்தகம். அதை இந்தக் கூண்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. 'வண்டல் படிந்தால் பவளப்பூச்சிகள் மூச்சுத்திணறி இறக்கும்.' அடிக்கோடு போட்டேன்.

இங்கே வண்டலுக்குக் குறைவா? சாம்பலும் சேறும் துறைமுகத்தில் தோண்டுகிற மண்ணும் சேர்ந்து தண்ணீர் எப்போதும் தேநீர் நிறம்தான். போதாததற்கு இந்தச் சூடு. மீன் என்றால் பிடிக்காத இடத்தை விட்டுப் போய்விடும். இது ஒட்டின இடத்திலேயே நிற்கணும். அதற்காக யாராவது கொஞ்சம் பாடுபட வேண்டாமா? மூங்கில் கழியின் நுனியில் தேங்காய்த் தும்பைக் கட்டினேன், அடித்து அடித்து மெத்தென்று ஆக்கி. அன்றிலிருந்து காலையில் வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு. மொத்தம் நாற்பத்தொன்று. படிக்கட்டுச் சுவரில் இருபத்தேழு, கழிக்கு எட்டும். பாலத்துக்கு அடியில் இருட்டுக்குள் பதினாலு, எட்டாது. சேறு மூடி, பாதி செத்து, பாவம், கேட்பாரில்லாமல் கிடக்கும். ஆண்டவரே, அதுகளுக்கு நீர்தான் துணை என்று விட்டுவிட்டேன்.

வாசலில் செக்யூரிட்டி முத்துக்குட்டி தினமும் கேட்பான். “என்ன வே லூக்காஸ், கல்லுக்கெல்லாம் பல்லு வெளக்கியாச்சா?”

“ஆச்சு. ஒமக்கு வெளக்கணுமா?”

“எனக்கு எதுக்கு வே. ஒம்ம வீட்டம்மாவுக்கு ஒரு நாளு வெளக்கி விடும். காலைல மொகம் பாக்க ஆளு இருக்குன்னு அவியளுக்கும் தெரியட்டும்.”

கேலிதான். ஆனால் பிரகாசியை நான் எப்படி வைத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் இந்தச் சாம்பல் காற்றில் அவளுக்கு ஒரு இருமல் வந்தது. ஒரே ஒரு தடவை. அன்றைக்கே நாலு ஜன்னலையும் அடைத்து, இடுக்கில் எல்லாம் பேப்பரை மடித்துச் செருகினேன். இருபத்திரண்டு வருஷம் மேடம், ஒரு தூசி அவள் மேல் விழ விட்டதில்லை. இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள், ஐஸ் தண்ணீரில் கை விறைத்துவிடும், வேண்டாம் என்றேன். பிள்ளை இல்லை, அதனால் வீட்டில் வேலையும் குறைவு. நான் பகலில் தூங்கணும் இல்லையா, அவள் ரேடியோகூடப் போட மாட்டாள். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பாள், சத்தம் கேட்கக் கூடாது என்று. அவ்வளவு நல்லவள். சில நாள் நான் விழித்துப் பார்ப்பேன், இருட்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க” என்பாள்.

நடுவில் ஒரு தடவை, மூன்று வருஷம் முன்பு, பகல் வேலை தருகிறேன் என்று மேஸ்திரி கேட்டார். வேண்டாம் என்றேன். பகல் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டால் படியில் இறங்கித் துடைக்க விடுவார்களா? அந்த விஷயத்தைப் பிரகாசியிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாக வருத்தப்படுவாள்.

போன சித்திரையைத்தான் சொல்ல வந்தேன். கடலே சூடாகிவிட்டது. எப்போதும் வாய்க்கால் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அந்தச் சித்திரையில் முப்பத்தாறு எழுதினேன். காற்று இல்லை. அலை இல்லை. அதிசயமாகத் தண்ணீர் தெளிந்துவிட்டது, அடியில் கிடக்கிற ஆணிகூடத் தெரிகிறது. எனக்கோ சந்தோஷம். நம்முடைய பிள்ளைகளுக்கு இனிமேல் வெளிச்சத்துக்குக் குறைவில்லை என்று.

பத்து நாளில் கல் எல்லாம் வெளிறிவிட்டது. முதலில் எலுமிச்சை நிறம், பிறகு வடித்த சோறு மாதிரி வெள்ளை. புத்தகத்தைப் பார்த்தேன். கல்லுக்குள் ஒரு பாசி குடியிருக்கிறதாம், வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுகிற பாசி. சூடு தாங்காவிட்டால் அது வெளியேறிவிடும் என்று போட்டிருந்தது. நேற்று நீங்கள் அப்படி இல்லை என்றீர்கள். பாசி தானாகப் போகவில்லை, கல்தான் அதை வெளியே தள்ளுகிறது என்றீர்கள். என் புத்தகத்தில் அப்படி இல்லை மேடம். போய்விட்டது என்றுதான் இருக்கிறது.

நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை துடைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, ராத்திரி பதினொன்றுக்கு, விடியக்காலம். வீட்டுக்குப் போக நேரமாயிற்று. ஒருநாள் ஒன்பது மணிக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது. நாலு ஜன்னலும் திறந்து கிடக்கிறது. செருகின பேப்பரை எல்லாம் உருவிக் கீழே போட்டிருக்கிறது. வீடு முழுக்கச் சாம்பல். நான் என்ன செய்வேன், முதலில் ஜன்னலை மூடினேன். ஈரத்துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். சாம்பலில் அவள் காலடி இருந்தது, அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும். அதையும் சேர்த்துத்தான். தரை என்றால் துடைக்க வேண்டாமா? துணியைப் பிழிந்து காயப்போட்ட பிறகுதான், ‘பிரகாசி’ என்று கூப்பிட்டேன்.

திரேஸ்புரத்தில் இருப்பதாக மூன்றாம் நாள் தெரிந்தது. மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு அறை. இறால் உரிக்கிற வேலை. போய் நின்றேன். மேடம், அப்படி ஒரு இடம். மீன் நாற்றம், லாரிப் புகை, ஏலக் கூச்சல், சாக்கடைக்குப் பக்கத்திலேயே அடுப்பு. ஜன்னலுக்குக் கதவே இல்லை. உள்ளே கடுகு பொரிகிற சத்தம்.

“நடைல நிக்காதிய, கூடை வருது. உள்ள வாங்க” என்றாள். ஆள் கறுத்துவிட்டாள். கை எல்லாம் கீறல்.

பக்கத்து அறைக்காரி ஒருத்தி, சலேத்தம்மாள் என்று பெயர், வாசலில் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இவியதான் கல்லக் குளிப்பாட்டுற ஒங்க வீட்டுக்காரவியளா? நல்ல மனுசராத்தான் தெரியுது. சட்டைல ஒரு பொட்டு அழுக்கு இல்லியே.” பிரகாசி சிரித்தாள். இவளுக்கு இப்படிச் சத்தமாகச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தோடு சேர்ந்த பழக்கம்.

டீ போட்டுத் தந்தாள். “என்ன திங்கிய?” என்று கேட்டாள்.

“சோறு வடிக்கிறேன். நீ வா.”

“சன்னலத் தெறந்து போட்டிருக்கியளா?”

“சாம்பல் வருமே.”

“வரட்டும்.”

“ஒனக்கு இருமும்.”

“இங்க வராத புழுதியா? ஒருக்கா இருமியிருப்பனா, கேளுங்க சலேத்தக்காட்ட.”

இருமவில்லை என்றால் இருமல் உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு இறால் தோலைக் கையிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். பிறகு சொன்னாள். “இங்க பாருங்க, நான் ஒங்கள வெறுத்து வரல. சன்னல நாலையும் தெறந்து வச்சிட்டு, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் வீட்டத் தொடைக்காம இருங்க. இருந்துட்டு ஆளு சொல்லி விடுங்க. அன்னைக்கே வாறேன்.”

ஒரு வாரம். எந்த வீட்டிலாவது ஒரு வாரம் தூசியை அப்படியே போட்டுவைப்பார்களா, நீங்களே சொல்லுங்கள். அவள் கோபத்தில் பேசுகிறாள். கோபம் தணிந்து வருகிறபோது வீடு கண்ணாடி மாதிரி இருக்கணும் இல்லையா. அதனால் தினமும் போனதும் முதல் வேலை அதுதான். பத்து மாதம் ஆகிறது. நான் தயாராக இருக்கிறேன்.

கல்லா? கல்லைத்தான் சொல்கிறேன். வைகாசிக்குள் இருபத்தேழும் செத்துவிட்டது. ஒவ்வொன்றாக. வெள்ளை மேல் பச்சையாக நார்ப்பாசி ஏறிவிட்டது. அதையும் துடைத்துப் பார்த்தேன். குழாயை வைத்துக் கேட்டால் ஒன்றும் இல்லை. தண்ணீர் போகிற சத்தம் மட்டும். அன்றைக்கு இந்தக் கரையில் நடக்கக்கூடத் தோன்றாமல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தேன். சும்மா, வேறு வேலை இல்லாமல், அங்கே குழாயை இறக்கினேன். பொரிந்தது.

நம்பவில்லை. மறுபடியும் வைத்தேன். இருட்டுக்குள் இருந்து, சேற்றுக்குள் இருந்து, எப்போதும் போலப் பொரிகிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் கடல் ஆராய்ச்சி ஆபீசுக்கு போஸ்ட் கார்டு போட்டேன். ‘இருபத்தேழு செத்துவிட்டது, பதினாலின் கதி தெரியவில்லை, உடனே வரவும்.’ எது செத்தது என்று எழுத மறந்துவிட்டேனாம். முதலில் போலீசுக்கு அனுப்ப இருந்தோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. எழுதி எட்டு மாதம் கழித்து வந்தீர்கள். பரவாயில்லை, வந்தீர்களே.

நேற்று நீங்கள் மூழ்கி எழுந்து, அந்தப் படியில் உட்கார்ந்து முடியைப் பிழிந்துகொண்டு சொன்னீர்கள். பதினாலில் ஒன்பது உயிரோடு இருக்கிறது. முழுசாக இல்லை, ஒரு கல்லில் உள்ளங்கை அளவு, இன்னொன்றில் விளிம்பு மட்டும். ஆனால் அந்த உள்ளங்கை தன்னுடைய செத்த உடம்பின் மேலேயே மறுபடி பரவிக்கொண்டு வருகிறது என்றீர்கள். சேறுதான் அதற்குக் குடை என்றீர்கள். சூட்டோடு வெயிலும் சேர்ந்தால்தான் சாவு, கலங்கின தண்ணீர் வெயிலை மறித்துவிட்டது என்றீர்கள். மேலே படிகிற சேற்றை அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும், அதற்கு அந்தத் தெம்பு உண்டு என்றும் சொன்னீர்கள். ராத்திரி பூராவும் நடந்தேன். அந்தப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். வரி அப்படியேதான் இருக்கிறது. வண்டல் படிந்தால் இறக்கும். அதுவும் பொய் இல்லையே மேடம்?

இல்லை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள். அதிகம் படிந்தால் இறக்கும். சரி. அதிகம் எது என்று கல்லிடம் கேட்கணும் என்கிறீர்கள். கல் எப்போது பேசியது?

இன்னொன்றும் சொன்னீர்கள், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. படிக்கட்டில், செத்துப்போன இருபத்தேழின் மேல், மூன்று பவளக் குஞ்சு. நகம் அளவு. எங்கேயோ பிறந்து, கடலில் மிதந்து வந்து, இத்தனை இடம் இருக்க இந்தச் சூட்டுக்குள் வந்து ஒட்டியிருக்கிறது. யார் கூப்பிட்டார்கள் அதை? ஒட்டிவிட்டது. இனி நகராது. அது மூன்றாவது படிக்குக் கீழே. கழிக்கு எட்டும். கழி எதற்கு, குனிந்தால் கைக்கே எட்டும். நகம் அளவுதான், அதன்மேல் தும்பு ஒரு தடவை பட்டால் போய்விடும், அடுத்த மழைக்காலம் முடிகிறவரை கை வைக்காதீர்கள் என்றீர்கள். இன்று காலையில் நான் துடைக்கவில்லை. ஆறு மணிக்குக் கழியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். முத்துக்குட்டி பார்த்துவிட்டு, “என்ன வே, கல்லுக்கு இன்னைக்கு லீவா?” என்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை மேடம். எல்லாருக்கும் என் கையைக் கட்டிப்போடுவதில்தான் ஆசை. செய்யாதே, செய்யாதே. ஒன்றும் செய்யாமல் ஒருவன் எப்படி அன்பாக இருப்பது?

சரி, விடுங்கள். நீர் இறங்கிவிட்டது. வாருங்கள், காட்டுகிறேன். அந்தப் படி வழுக்கும், என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது, அதுவா? அந்தப் புள்ளியா? இவ்வளவுதானா? மேலே சேறு படிந்திருக்கிறதே மேடம். இருக்கட்டும் என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் பாலத்தடியில் எடுக்க வேண்டிய கல் துண்டை எடுங்கள், நான் இங்கேயே மேலே நிற்கிறேன். இறங்க மாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பாருங்கள்.

எடுத்துவிட்டீர்களா? இந்தச் சின்னத் துண்டு போதுமா? இதைத் தீவுப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் அங்கேயும் சூட்டைத் தாங்குமா? தெரியாது என்று சொல்கிறீர்கள். தெரியாது என்று படித்தவர்கள் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இந்தக் கழியையும் கொண்டுபோய்விடுங்கள். இல்லை, நிஜமாகத்தான். ஜீப்புக்கு மேலே கட்டிக்கொள்ளலாம், கயிறு தருகிறேன். என் கையில் இருந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். தும்பு நல்ல தும்பு. எட்டு வருஷத்தில் நாலு தடவைதான் மாற்றியிருக்கிறேன்.

திரேஸ்புரம் வழியாகத்தானே போகிறீர்கள். இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் வேலை முடிந்து வருகிற நேரம், நிறுத்தி எதுவும் சொல்ல வேண்டாம். வீடு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும்... வேண்டாம், அதுவும் வேண்டாம்.

சங்கு ஊதிவிட்டது. சாயங்காலம் ஆறு மணி, என் வேலை தொடங்குகிற நேரம். கொஞ்சம் இருங்கள், சூட்டை எழுதிவிடுகிறேன். முப்பத்துமூன்றரை. நேற்றும் இதேதான்.

நீங்கள் கிளம்புங்கள், இருட்டுவதற்குள் ரோட்டுக்குப் போய்விடலாம். ஜன்னல் இருக்கட்டும், மூட வேண்டாம், நீங்கள் போகிறவரைக்கும் இருக்கட்டும். அதற்குள் பாருங்கள், காலையில்தான் சுத்தம் செய்தேன், கண்ணாடி முழுக்க எப்படிப் படிந்துவிட்டது. அந்த வாளியை இப்படித் தள்ளுங்கள். துணி அதற்குள்ளேதான் இருக்கிறது.

ஏன் மேடம் அப்படிப் பார்க்கிறீர்கள்? பயப்படாதீர்கள். கண்ணாடியைத்தான் துடைக்கப்போகிறேன். கண்ணாடியை மட்டும்.